அவர்கள் காணாமல் ‘போகவில்லை’

நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

அண்மைக் காலமாக நம் வாசக வட்டத்தில் ஒரு வகைப் புனைவு பெரிதும் பாராட்டப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊரைவிட்டு வெளியேறிய ஒரு பெண், காவல் அதிகாரியாகவோ செய்தியாளராகவோ ஊர் திரும்புகிறாள். அது வட அமெரிக்காவில் உள்ள ஒரு பூர்வகுடிக் குடியிருப்பு. அங்கே பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போயிருக்கிறார்கள். ஊர் வாய் திறக்க மறுக்கிறது. திரும்பி வந்தவளுக்கும் ஆறாத பழைய காயம் ஒன்று உண்டு. இறுதி அத்தியாயத்தில் முடிச்சு அவிழ்கிறது, ஒருவன் பிடிபடுகிறான், நாம் நிம்மதியுடன் நூலை மூடி வைக்கிறோம். பின்னர், ‘விறுவிறுப்பான மர்மக் கதை, காணாமல் போன பூர்வகுடிப் பெண்களின் துயரத்தை உலகறியச் செய்கிறது’ என்று எழுதுகிறோம்.

இந்தப் பாராட்டுரையில் உள்ள இரண்டு சொற்களை நான் மறுக்கிறேன். ஒன்று ‘மர்மம்’. மற்றொன்று ‘காணாமல் போன’. இவை நடந்ததைச் சொல்லும் சொற்கள் அல்ல; நடந்ததை மறைக்கும் சொற்கள்.

முதலில் மர்மம். அறியப்படாதது எதுவோ அதுவே மர்மம். கனடாவில் அறியப்படாமல் இருந்தது எது?

1971 நவம்பரில், மனிட்டோபா மாகாணத்தின் த பா நகரில் ஹெலன் பெட்டி ஆஸ்போர்ன் என்ற 19 வயதுக் க்ரீ இனப் பெண் கடத்திக் கொல்லப்பட்டார். ஆசிரியராக வேண்டும் என்ற விருப்பத்தோடு நார்வே ஹவுஸ் குடியிருப்பிலிருந்து படிக்க வந்தவர் அவர். தொடர்புடையவர்கள் நான்கு வெள்ளையர்கள். அவர்கள் யாரென்பது அந்நகரத்தவர் பலருக்கும் தெரிந்தே இருந்தது. எனினும், வழக்கு நீதிமன்றத்தை அடைந்து தீர்ப்பு வருவதற்கு 16 ஆண்டுகள் ஆயின. 1987இல் தண்டிக்கப்பட்டவர் ஒருவர் மட்டுமே. ஊரே அறிந்திருந்த ஒன்றை எந்த இலக்கணப்படி மர்மம் என்பது?

வான்கூவர் நகரின் வறிய பகுதியிலிருந்து பெண்கள் தொடர்ந்து மறைந்துகொண்டிருந்தனர். அவர்களில் பலர் பூர்வகுடியினர். ராபர்ட் பிக்டன் என்பவரின் பன்றிப் பண்ணையிலிருந்து 1997இல் ஒரு பெண் கத்திக்குத்துக் காயங்களுடன் உயிர் தப்பினார். கொலை முயற்சி வழக்குப் பதிவாயிற்று. 1998இல் அது கைவிடப்பட்டது. பிக்டன் கைதானது 2002இல். இடைப்பட்ட ஆண்டுகளிலும் பெண்கள் இறந்தனர். இதனை விசாரித்த ஆணையம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்புக்குக் ‘கைவிடப்பட்டோர்’ என்று பொருள். ‘கண்டுபிடிக்கப்படாதோர்’ என்று அந்த ஆணையம் தலைப்பிடவில்லை.

மூன்றாவது சான்று இன்னும் அண்மையது. 2022இல் வினிபெக் நகரில் நான்கு பூர்வகுடிப் பெண்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் இருவரின் உடல்கள் நகருக்கு வெளியே உள்ள ஒரு குப்பைக் கிடங்கில் இருப்பதாகக் காவல்துறையே கருதியது. கொன்றவர் கைதாகிவிட்டார். இடமும் தெரியும், ஆளும் தெரியும். ஆயினும், தேடுவது இயலாது என்றது காவல்துறை. அன்றைய மாகாண அரசும் மறுத்தது. 2023 தேர்தலில் ஆளுங்கட்சி அந்த மறுப்பையே தன் உறுதிக்குச் சான்றாக விளம்பரப்படுத்தி வாக்குக் கேட்டது. தோற்றது. புதிய அரசு தேடலைத் தொடங்கியபின், 2025இன் தொடக்கத்தில் இருவரின் எச்சங்களும் கிடைத்தன. இங்கே துப்பறிவாளருக்கு வேலையே இல்லை. மண்ணைத் தோண்டும் மனம் வேண்டியிருந்தது. அதற்கும் மகள்கள் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது.

எந்த மர்ம நாவலும் எழுதாத ஒரு விடையையும் சொல்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜார்ஜ், பிரின்ஸ் ரூப்பர்ட் நகரங்களுக்கு இடையே செல்லும் 16ஆம் எண் நெடுஞ்சாலையைக் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்பர். 700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அச்சாலையிலும் அதன் சுற்றிலும் நிகழ்ந்த கொலைகளையும் மறைவுகளையும் விசாரிக்கக் கூட்டாட்சிக் காவல்படை அமைத்த தனிப்பிரிவு, 1969 முதல் 2006 வரையிலான 18 பேரின் வழக்குகளை எடுத்துக்கொண்டது. உண்மையான எண்ணிக்கை 40க்கும் மேல் என்பது பூர்வகுடி அமைப்புகளின் கணக்கு. வாகனம் இல்லாத ஏழைப் பெண்கள் மருத்துவமனைக்கும் வேலைக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்லச் சாலையோரம் நின்று முன்பின் தெரியாதவர்களின் வண்டியில் ஏறினார்கள். 2006இல் கூடிய மாநாட்டில் குடும்பத்தினரும் சமூகத் தலைவர்களும் முன்வைத்த முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று பேருந்து. ஆம், ஊர்களை இணைக்கும் சாதாரணப் பேருந்து. அரசின் பேருந்துச் சேவை அங்கே தொடங்கியது 2017இல். பேருந்து வராத அந்த 11 ஆண்டுகளைப் பற்றி எவரும் விறுவிறுப்பான நாவல் எழுத முடியாது. ஏனெனில் அதில் முகமூடி அணிந்த கொலைகாரன் இல்லை. நிதிநிலை அறிக்கை இருக்கிறது.

மர்மக் கதையின் இலக்கணம் ஒற்றைக் குற்றவாளியைக் கோருகிறது. ‘யார்?’ என்ற கேள்விக்கு ஒரு பெயர் விடையாகக் கிடைத்ததும் கதை முடிய வேண்டும். கனடாவின் தேசிய விசாரணை ஆணையம் 2019 ஜூனில் அளித்த இறுதி அறிக்கையோ ஒரு பெயரைத் தரவில்லை. நீதிக்கான 231 கோரிக்கைகளைத் தந்தது; நடந்ததை இனப்படுகொலை என்று சொன்னது. கூட்டாட்சிக் காவல்படை 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்ட, காணாமற்போன பூர்வகுடிப் பெண்கள் 1,181 பேர். நாட்டின் பெண்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினராக இருந்தவர்கள், கொலையுண்ட பெண்களில் 16 விழுக்காட்டினராக இருந்தார்கள். இந்த வேறுபாட்டை எந்த ஒரு தனிமனிதக் கொடூரனும் தனியாக உண்டாக்கிவிட முடியாது.

அடுத்து, ‘சிக்கல் நிறைந்த சொந்த ஊர்’ என்ற புனைவுச் சட்டகம். இக்கதைகளில் ஊரின் இருள் மண்ணிலேயே ஊறியது போலக் காட்டப்படுகிறது: குடி, வறுமை, மௌனம். நாயகி ஊரைவிட்டுச் சென்றதும் அவளது தனிமனித முடிவு. திரும்புவதும் அவளது மனப் போராட்டம். வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. கனடாவின் 1876ஆம் ஆண்டு இந்தியர் சட்டத்தின்கீழ், பூர்வகுடி அல்லாத ஆணை மணந்த பூர்வகுடிப் பெண் தன் சட்டத் தகுதியை இழந்தாள்; தன் குடியிருப்பில் வாழும் உரிமையும் அதனோடு போயிற்று. பூர்வகுடி அல்லாத பெண்ணை மணந்த ஆணுக்கு அந்த இழப்பு இல்லை. டோபிக் குடியிருப்பைச் சேர்ந்த சாண்ட்ரா லவ்லேஸ், மணமுறிவுக்குப் பின் ஊர் திரும்ப விரும்பியபோது சட்டம் குறுக்கே நின்றது. அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவை நாடினார். சிறுபான்மையினர் தம் சமூகத்தாரோடு சேர்ந்து தம் பண்பாட்டையும் மொழியையும் பேணும் உரிமையைக் கூறும் 27ஆம் பிரிவைக் கனடா மீறியது என்று 1981இல் அக்குழு முடிவு கூறியது. சட்டம் திருத்தப்பட்டது 1985இல். எச்சங்கள் களையப்பட 2019 வரை ஆயிற்று. இதனோடு, 1,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஊர் திரும்புதல் அங்கே உளவியல் உருவகம் அன்று. சட்டம் போட்டுத் தடுக்கப்பட்ட ஒரு செயல்.

இனி, ‘காணாமல் போன’ என்ற தொடருக்கு வருகிறேன். மொழியியல் பயில்பவர் என்ற முறையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

தமிழில் இந்நிலையைச் சொல்ல மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ‘அவளைக் காணோம்’. வடிவத்தைக் கவனியுங்கள். ‘காணோம்’ என்பது தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்று. ‘நாங்கள் காணவில்லை’ என்று பொருள். இன்று அது உறைந்துபோன சொல்லாகிவிட்டது; தனியொருவர் பேசும்போதும் ‘காணோம்’ என்றே சொல்கிறார். ஆனாலும் ‘அவளை’ என்ற இரண்டாம் வேற்றுமை இன்னும் அங்கே நிற்கிறது. பார்க்க வேண்டியவர்கள் நாம். பார்க்கப்பட வேண்டியவள் அவள். தேடும் பொறுப்பு வாக்கியத்திற்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, ‘அவள் காணாமல் போனாள்’. இப்போது அவளே எழுவாய். ‘போ’ இங்கே துணைவினை. ‘பால் திரிந்து போனது’, ‘கண்ணாடி உடைந்து போனது’ என்பவற்றில் வரும் அதே ‘போ’. விரும்பத்தகாத ஒரு மாற்றம் நேர்ந்துவிட்டது, செய்தவர் எவருமில்லை என்பதே அது தரும் பொருள். கண்ணாடியை உடைத்த குழந்தை இந்த இலக்கணத்தை நன்றாக அறியும்.

மூன்றாவது, ‘அவள் காணாமல் ஆக்கப்பட்டாள்’. ‘ஆக்கு’ பிறவினை. செய்தவர் பெயர் சொல்லப்படவில்லை, எனினும் ‘யாரால்?’ என்ற கேள்விக்குரிய இடம் வாக்கியத்தில் திறந்தே கிடக்கிறது. இந்த மூன்றாம் வடிவத்தைப் பொதுவழக்காக்கியவர்கள் இலக்கண ஆசிரியர்கள் அல்லர், ஈழத்துத் தாய்மார்கள். இலங்கை அரசு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றே இருக்கிறது. பிள்ளைகளைப் படையினரிடம் கையளித்த தாய்மார்களோ ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று பதாகையில் எழுதித் தெருவோரம் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தார்கள். ஒரு துணைவினையை மாற்றுவதற்காக அவர்கள் கொடுத்த விலை பெரிது.

கனடாவில் நடந்ததும் இலங்கையில் நடந்ததும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலும் கொன்றவர்கள் தனிமனிதர்கள். தேடாமல் விட்டது அரசு. இங்கே குற்றச்சாட்டு அரசின் படையினர் மீதே இருக்கிறது. சட்ட மொழியில் இவை வேறுவேறு. ஆனால் சொல்லுக்கான போராட்டம் இரண்டிலும் உண்டு. பூர்வகுடிப் பெண்கள் ‘திருடப்பட்ட சகோதரிகள்’ என்ற முழக்கத்தை எழுப்பினர்; 2004இல் ஆம்னஸ்டி அமைப்பு கனடா குறித்து வெளியிட்ட அறிக்கையின் தலைப்பும் அதுவே. ‘திருடு’ என்பது செய்தவரைக் கோரும் வினை. அவர்கள் தம் மொழியில் செய்துவிட்ட திருத்தத்தை நாம் தமிழில் எழுதும்போது அழித்துவிடுகிறோம்.

இரண்டு மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். ‘கவனத்தையாவது ஈர்க்கிறதே’ என்பது முதலாவது. ‘விண்ட் ரிவர்’ (2017) படத்தை நினைத்துப் பாருங்கள். பூர்வகுடிப் பெண்கள் காணாமல் போவது குறித்த புள்ளிவிவரமே இல்லை என்ற வாசகத்தோடு முடியும் அந்தப் படத்தில், தேடுகிறவர்கள் இருவரும் வெள்ளையர்கள்; இறந்தவள் அவர்களது துயரத்திற்கும் துணிவுக்கும் காரணமாக அமைகிறாள். கவனம் யார்மீது விழுகிறது என்று கேளாமல் கவனத்தைக் கொண்டாடுவது பொருளற்றது.

‘பூர்வகுடி எழுத்தாளர்களே குற்றப் புனைவு எழுதுகிறார்களே’ என்பது இரண்டாவது. எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். அவர்கள் அந்த வடிவத்தை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். லூயிஸ் எர்ட்ரிக்கின் ‘தி ரவுண்ட் ஹவுஸ்’ (2012) நாவலில் குற்றவாளி யாரென்பது நடுவிலேயே தெரிந்துவிடுகிறது. தெரியாதது ஒன்றே: குற்றம் நடந்த நிலம் எவருடைய அதிகார எல்லைக்குள் வருகிறது? பூர்வகுடி அல்லாதவர்களைக் குற்றவழக்கில் விசாரிக்கும் அதிகாரம் பூர்வகுடி நீதிமன்றங்களுக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நாவல் முழுவதும் நகர்கிறது. அங்கே வாசகருக்கு நிம்மதி கிடைப்பதில்லை. நான் எதிர்ப்பது குற்றப் புனைவை அன்று; அது விற்கும் நிம்மதியை.

இது தொலைதூரத்துப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். 2019 முதல் 2021 வரை இந்தியாவில் காணாமற்போன பெண்களும் சிறுமியரும் 13 லட்சத்திற்கும் மேல் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா, குந்தி மாவட்டங்களிலிருந்து பழங்குடிச் சிறுமியர் வீட்டுவேலை என்ற பெயரில் தில்லிக்குக் கொண்டுசெல்லப்படுவது பல்லாண்டுகளாக அனைவரும் அறிந்த செய்தி. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் கடத்தல் என்று கருதியே வழக்குப் பதிய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட வேண்டியிருந்தது. ஏன்? காவல் நிலையங்களில் பெற்றோருக்குக் கிடைத்த வழக்கமான விடை, ‘யாரோடாவது ஓடிப் போயிருப்பாள்’ என்பதே. மீண்டும் அதே ‘போ’. அவளுக்குச் செயல் என்ற ஒன்று வழங்கப்படுவது அவளைக் குற்றம் சாட்டும் வாக்கியத்தில் மட்டும்தான்.

ஆகவே, மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. இக்கதைகளைப் பற்றி எழுதும்போது ‘மர்மம்’ என்ற சொல்லைக் கைவிடுங்கள். ‘காணாமல் போன’ என்று கை தானாக எழுத முற்படும்போது ஒரு கணம் நிறுத்தி, யாரால் என்று கேளுங்கள். விடை தெரிந்தால் ‘கொல்லப்பட்ட’, ‘கடத்தப்பட்ட’, ‘கைவிடப்பட்ட’ என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘காணோம்’ என்றாவது எழுதுங்கள். தேட வேண்டியவர்கள் இன்னும் தேடவில்லை என்பதையாவது அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது.