சாக்கரின் பொட்டலம் நமக்கு வேண்டாம்



மறைமலைநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி இது: "அண்ணாச்சி, சர்க்கரைக்குப் பதிலாப் போடுற மாத்திரை இருக்கா?" கேட்பவர் பெரும்பாலும் நீரிழிவுக்காரர். கம்பெனி முத்திரையோடு, லேபிளோடு வந்த டப்பாவைப் பில் போட்டுக் கொடுக்கிறோம். இதில் ஒரு தவறும் இல்லை.

இன்னொருவரும் வருகிறார். ஐஸ், சர்பத் போட்டு விற்பவர். "அந்தப் பவுடர் கொஞ்சம் கொடுங்க" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். அவர் கேட்பது சாக்கரின். அது சர்க்கரையைப் போல் ஏறக்குறைய 300 மடங்கு இனிக்கும். 10 கிராம் பொட்டலம் 3 கிலோ சர்க்கரைக்கு ஈடு. கோடைக்காலத்தில் இந்தக் கணக்கு யாரையும் மயக்கும்.

சாக்கரின் விஷமல்ல. 1879-இல் கண்டுபிடிக்கப்பட்ட பொருள்தான். சட்டம் குறித்துள்ள பண்டங்களில், குறித்த அளவில், லேபிளில் சொல்லிச் சேர்க்கலாம். ஆனால் தள்ளுவண்டியில் மில்லிகிராம் நிறுக்கும் தராசு ஏது? கையால் கிள்ளிப் போடுகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை என்ன குடிக்கிறோம் என்று அறியாமலே குடிக்கிறது.

சட்டத்தையும் பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது அதன் 27-ஆம் பிரிவு. மொத்த வியாபாரி தரும் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும் என்கிறது 26-ஆம் பிரிவு. லேபிள் குற்றத்துக்கு அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை. காகிதத்தில் மடித்த பொட்டலத்துக்கு லேபிளும் இல்லை, பில்லும் இல்லை. பத்து ரூபாய் லாபத்துக்குக் கடையையே பணயம் வைக்கலாமா?

2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை விதித்தது. அந்தச் சாயம் மிட்டாய்க்காரருக்கு வானத்திலிருந்து விழவில்லை. ஏதோ ஒரு கடையில்தான் வாங்கியிருப்பார்.

இன்னொன்று. நாம் வைத்தியர் ஆக வேண்டாம். உடல் எடையைக் குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் கூறியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதுவே சொன்னது. ஆகவே "இளைத்துவிடுவீர்கள்" என்று புகழவும் வேண்டாம், "ஆபத்து" என்று பயமுறுத்தவும் வேண்டாம். "நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஒன்றும் செய்யாது" என்று நீரிழிவுக்காரரிடம் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. அவையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். டாக்டரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். அஸ்பார்டேம் உள்ள டப்பாவில், பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது என்ற எச்சரிக்கை இருக்கும். அதையும் வாசித்துக் காட்டுங்கள்.

என் கருத்து இதுதான். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நாமே ஒரு முடிவு எடுப்போம்: சில்லறைச் சாக்கரின் விற்பதில்லை, முத்திரை, லேபிள், பில் மூன்றும் இல்லாத இனிப்பூட்டியை வாங்குவதும் இல்லை. அதிகாரி வந்து சொல்லித் திருந்துவதைவிட, நாமே திருந்துவது நமக்குக் கௌரவம். தெருவில் நான்கு தலைமுறை நம்மை "அண்ணாச்சி" என்று அழைப்பது அந்த நம்பிக்கையால்தான்.