திரும்பி வரும் காய்ச்சல்

குளிர்காலம் பிறந்ததும் எம்மவர் இல்லங்களில் தடிமனும் காய்ச்சலும் வழக்கமாகிவிடுகின்றன. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்துவிட்டு வேலைக்குச் செல்வதை நாம் பெருமையாகவே கருதுகிறோம். அப்பெருமை உயிரைக் காவுகொள்ளவும் கூடும்.

1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாப் பெருந்தொற்று உலகெங்கும் ஐந்து கோடிப் பேர் வரையில் பலிகொண்டதாக மதிப்பிடப்படுகின்றது. அன்று இறந்தோரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் இழையங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் மீளப் பரிசோதித்து, 2008இல் தமது முடிவை வெளியிட்டனர். வைரசைத் தொடர்ந்து நுழைந்த பக்ரீரியாக்கள் விளைத்த நியூமோனியாவே அம்மரணங்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பதே அம்முடிவு.

இக்கூட்டுச்சதி எமது கலங்களிலேயே நிகழ்கின்றது. சுவாசப்பாதையில் அழுக்கை வெளித்தள்ளும் பிசிர்க் கலங்களை வைரசு அழிக்கின்றது. அதன் நொதியம் கலங்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைக் கூறுகளைச் சீவிவிட, பக்ரீரியாக்கள் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கின்றது. வைரசை எதிர்க்க உடல் சுரக்கும் இன்ரபெரோனோ, பக்ரீரியாக்களை விழுங்கும் வெண்குழியங்களைத் தளரச்செய்கின்றது. கைம்மாறாக, ஸ்ரபைலோகொக்கசு பக்ரீரியாவின் சில இனங்கள் வைரசின் மேற்புரதத்தை வெட்டி, அது புதிய கலங்களுள் நுழைய வழிசெய்கின்றன. கலங்களுக்குள் ஒளிந்துகொள்ளவும் அவை வல்லவை.

எனவே தணிந்த காய்ச்சல் சில நாட்களில் மீண்டும் ஏறினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், அது பொறுத்திருக்கும் வேளையன்று. உடனே மருத்துவரை நாடவேண்டும். அயலவர் உண்டு மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசைகளை விழுங்குவது அதற்கு ஈடாகாது. அவை வைரசைக் கொல்வதில்லை. பக்ரீரியாவுக்கும் பொருத்தமான மருந்து எதுவென மருத்துவரே தீர்மானிக்கவேண்டும்.

ஓர் அறையில் பல கட்டில்கள் நெருங்கிக் கிடக்கும் அகதிகள் விடுதிகளில் ஒருவரின் இருமல் அனைவருக்கும் உரியது. ஆயினும், நோயைச் சொன்னால் தஞ்சக் கோரிக்கை பாதிக்கப்படுமோ என்றஞ்சி ஒளித்து வாழ்வோர் உளர். ஜேர்மனியில் 1993ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தஞ்சம் கோருவோர் உதவிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடும் நோய்க்கான சிகிச்சையையும் தடுப்பூசிகளையும் உள்ளடக்கியுள்ளது. சட்டம் தந்ததைக் கேட்டுப் பெறுவது இரந்து நிற்பதாகாது.

முதியோருக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசியும் நியூமோகொக்கசுத் தடுப்பூசியும் உள்ளன. முதலாவது வாசலைக் காக்கும். இரண்டாவது பின்னே வருவோனைத் தடுக்கும். மொழி தெரியாத பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை. விடுதிகளில் தனித்திருப்போருக்கு அக்கடமையைச் செய்யவேண்டியவர்கள் நாமே.