ஆயா கேட்ட கேள்வி

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாகூரில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பாகூர், வில்லியனூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சில பழைய வீடுகளின் கூடத்தில், சுவாமி படங்களுக்குப் பக்கத்திலேயே பிரெஞ்சு ராணுவ உடுப்பில் ஒருவரின் படம் தொங்கும். 'சொல்தா வீடு' என்பார்கள். சிநேகிதியின் தாத்தாவும் சொல்தாதான். இந்தோசீனாவில் சண்டையிட்டு, 1954-ல் யுத்தம் ஓய்ந்ததும் ஊர் திரும்பியவர். அவர் காலமாகிப் பல வருஷங்களாகின்றன. ஆயாவுக்கு இப்போது 86 வயது.

"பிரான்ஸ்லேருந்து பென்ஷன் வந்துச்சு கண்ணு. அவருக்குத் தூக்கந்தான் வரல்லே" என்றார் ஆயா.

தீபாவளி வந்தால் தாத்தா வீட்டில் தங்க மாட்டாராம். வெடிச் சத்தம் எட்டாத தூரத்தில், வயல் மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவாராம். சில ராத்திரிகளில் அலறிக்கொண்டு எழுவாராம். ஆயா விளக்கை ஏற்றி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நடவு, மாடு, ஊர் வம்பு என்று விடியும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பாராம். இந்த வைத்தியத்தை அவருக்கு எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை!

பெண்களும் யுத்தத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "திரும்பி வந்தப்புறம் அவங்க கையை யாரு பிடிச்சுக்கிட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன்.

1943-ல் நேதாஜி சிங்கப்பூரில் அமைத்த ஜான்ஸி ராணிப் படையின் தலைவி, சென்னையில் படித்த டாக்டர் லட்சுமி. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் பாங்காக் நோக்கிப் பின்வாங்கியபோது, விமானங்களுக்கு அஞ்சிப் பகலில் மரங்களடியில் பதுங்கி, இரவில் சேற்றில் நடந்தார்கள். ரயிலில் திரும்பிய ஒரு குழுவின்மேல் கெரில்லாக்கள் சுட்டதில் இரண்டு பெண்கள் மாண்டார்கள்.

அப்புறம்? டாக்டர் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார், 2012-ல் காலமானார். கோலாலம்பூர் ஜானகி, 1946-ல் மலாயா இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஓயாத வேலையே அவர்களுக்கு மருந்தாயிற்றோ என்னவோ! தோட்டத்து லயன்களுக்குத் திரும்பிய பெண்கள் எப்படித் தூங்கினார்கள் என்று நான் புரட்டிய புத்தகங்களில் கிடைக்கவில்லை.

இலங்கை விஷயம் நம் காலத்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது, புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட புலிகளில் பெண்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். தையல், அழகுக் கலை என்று முகாமில் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். நல்லதுதான். தையல் மெஷின் பகலில் கைக்கு வேலை தரும், ராத்திரிக்கு? வெளியே வந்தாலும், விசாரிக்க வரும் உளவுத்துறை ஆட்கள், ஒதுங்கிப் போகும் அண்டை வீடுகள், 'இயக்கத்தில் இருந்தவளா?' என்று பின்வாங்கும் மாப்பிள்ளை வீட்டார்!

புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி சிறையிலும் பிறகு முகாமிலும் இருந்து, 2013-ல் விடுதலையானார். கல்யாணமும் செய்துகொண்டார். தம் கதையை, தம் பக்கத்துத் தவறுகளையும் மறைக்காமல், எழுதினார். 2015-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 43. 'ஒரு கூர்வாளின் நிழலில்' மறு வருஷம் அச்சில் வந்தது.

யாழ்ப்பாணத்து மனநல டாக்டர் தயா சோமசுந்தரம் இந்த நோவை 'மனவடு' என்கிறார். அழகான சொல்; புண் ஆறினாலும் வடு இருக்கும். நம்மவர்கள் 'மனசு சரியில்லை' என்று வருவதில்லை. தலைவலி, உடம்பு வலி, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் வருவார்கள் என்று கண்டவர் அவர். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் மதப்படி ஜபமோ ஜபமாலையோ, செத்தவர்களுக்கு முறையாகச் செய்யும் சடங்கு, இவற்றையெல்லாம் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டார். இதனாலேயே எல்லாம் குணமாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்கு மாத்திரையும் வேண்டும், வருஷக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

ஆயாவுக்கு இதையெல்லாம் டெலிபோனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தமிழினிப் பொண்ணுக்குப் புருஷன் நல்லவனா?" என்றார்.

"அவர் போன பிற்பாடு அந்தப் புத்தகம் வெளிவரப் பாடுபட்டவரே அவர்தான், ஆயா."

"அப்போ சரி" என்றார்.