மும்முறை கேட்கப்படும் பெயர்



பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். அவருக்கு நற்கருணை கொண்டு சென்ற நம்மிடம் மனத்தாங்கலோடு சொன்னார்: "சாமி, என் பேரு என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன்னு மூணு தடவை கேட்டாங்க. டாக்டருக்கே பக்கம் தெரியலைன்னா நாம எங்கே போறது?"

அவருடைய அச்சம் இயல்பானதே. ஆயினும் அக்கேள்விகள் அறியாமையால் எழுந்தவை அல்ல. அவரைக் காக்கும் பொருட்டுக் கேட்கப்பட்டவை.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறுவைச் சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 19 கூறுகள் உள்ளன; அவை மூன்று வேளைகளில் வாய்விட்டுக் கேட்கப்பட வேண்டும். மயக்கமருந்து கொடுக்குமுன் நோயாளியின் பெயர், அறுக்க வேண்டிய இடம், ஒவ்வாத மருந்து ஆகியவை கேட்கப்படும். தோலைக் கீறுமுன் அனைவரும் ஒரு கணம் நின்று, தத்தம் பெயரையும் பணியையும் கூறி, நோயாளியையும் இடத்தையும் மீண்டும் உறுதி செய்வர். நோயாளி அறையை விட்டு வெளியேறுமுன் பஞ்சுத்துணி, ஊசி, கருவி யாவும் எண்ணப்படும்.

இப்பட்டியல் எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டது. டில்லியில் 1885-இல் தோன்றிய புனித ஸ்தேவான் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. நம் முன்னோர் முடியப்பர் என்றழைத்த வேதசாட்சியின் பெயரைத் தாங்கியது அது. தான்சானியாவின் இஃபகாராவில் புனித பிரான்சிஸ் பெயரால் விளங்கும் மருத்துவமனை மற்றொன்று. 2009-இல் வெளியான முடிவின்படி, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-இலிருந்து 7 ஆகவும் குறைந்தன. புதிய மருந்தெதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மனிதர் நின்று கேட்டனர், அவ்வளவே.

எனினும் காகிதம் தானாக எவரையும் காப்பதில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகள் கட்டளைப்படி இப்பட்டியலை மேற்கொண்டன. ஏறத்தாழ எல்லாம் ஒழுங்காக நடந்ததாக ஏடுகள் கூறின. ஆனால் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என 2014-இல் தெரியவந்தது. நம் நாட்டிலும், உத்தரப் பிரதேசத்தில் பிரசவத்திற்கான பட்டியலைப் பயிற்றுநரை அனுப்பிப் பழக்கினர். இரண்டாம் மாதத்தில் 73 விழுக்காடாக இருந்த நல்வழக்கம், பயிற்றுநர் சென்றபின் பன்னிரண்டாம் மாதத்தில் 62 ஆக இறங்கியது. தாய் சேய் இறப்பும் குறையவில்லை.

இது நமக்குப் புரியாத செய்தியன்று. உதடு செபமாலை சொல்ல, உள்ளம் சந்தைக்குப் போய்விடுவதை நாம் அறிவோம். ஞானஸ்நானத்தின்போது, பிள்ளையின் பெயர் முன்பே தெரிந்திருந்தும், பெற்றோரைக் கேட்கிறோம். ஒருமுறை நாம் அவசரத்தில் அக்கேள்வியை வாயளவில் முடித்து, மனத்திலிருந்த பெயரையே ஏட்டில் எழுதிவிட்டோம். பல்லாண்டுகளுக்குப் பின் திருமணத்திற்காகச் சான்றிதழ் கேட்டபோதுதான், அது அப்பெண்ணின் அக்காளுடைய பெயர் என்று தெரிந்தது. ஏட்டுப் பிழையைத் திருத்த மை போதும். அறுவை மேசையில் நேரும் பிழையைத் திருத்த எது போதும்?

ஆகவே பயிற்சி என்பது ஒரு நாள் சொற்பொழிவன்று. அறுவை அறையிலேயே, அன்றன்று வேலை செய்வோர் ஒன்றாக நின்று பழக வேண்டும். புதிதாய் வருவோருக்கும் மீண்டும் மீண்டும் கற்பிக்க வேண்டும். மூத்த மருத்துவரே முதலில் கத்தியைக் கீழே வைத்துக் காத்திருக்க வேண்டும். அவர் அவசரப்பட்டால் பிறர் வாய் திறவார். "ஐயா, ஒரு துணி குறைகிறது" என்று சொல்லும் இளம் செவிலியைக் கடிந்துகொள்ளாமல் அவளுக்கு நன்றி கூறும் அறையே பாதுகாப்பான அறை.

நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பெண்மக்கள் செவிலியராய்ப் பணியாற்றுகின்றனர். மகளே, நீ கேட்க வேண்டியதைக் கேள். எண்ணிக்கை சரியாகும்வரை விடாதே. தாழ்ச்சி என்பது வாய்மூடி நிற்பதன்று. நோயாளியின் உயிரை நம் கூச்சத்திற்கு மேலாக மதிப்பதே தாழ்ச்சி.

குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்ன பிள்ளைக்கு, அழுகிறதே என்று இரக்கப்பட்டு இட்லி ஊட்டிவிட்டு மறைக்கும் தாய்மார் உண்டு. மயக்கத்தில் அவ்வுணவு மேலெழுந்து மூச்சுக்குழலுக்குள் செல்லலாம், உயிருக்கே ஆபத்து. உண்டதையும், உட்கொள்ளும் நாட்டு மருந்தையும், முன்பு ஒவ்வாது போனதையும் ஒளிக்காமல் கூறுங்கள்.

நம் ஆண்டவரும் இராயப்பரை ஒரே கேள்வி மும்முறை கேட்டார்; மூன்றாம் முறை இராயப்பர் வருந்தினார். அறியாததால் ஆண்டவர் கேட்கவில்லை. தம் ஆடுகளை ஒப்படைக்கவிருந்ததால் கேட்டார். இதை அம்முதியவரிடம் சொன்னோம். சற்று யோசித்து, "அப்படின்னா நாலாவது தடவை கேட்டாலும் சொல்லலாம், சாமி" என்றார்.

அவ்வாறே பொறுமையோடு பதில் சொல்லும் நோயாளிகளையும், சலிப்பின்றிக் கேட்கும் பணியாளரையும் இறைவன் நமக்கு அருள்வாராக.