பறக்கப் பழகுவோர்க்கு எந்த விமானம்?

நம் மன்றத்து நண்பர் சிலரிடையே கடந்த மூன்று திங்களாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. வழக்கு மொழியைப் பற்றியதன்று. மன்றத் தேர்தலைப் பற்றியதுமன்று. விமானத்தைப் பற்றியது. அதுவும் தரையை விட்டு ஓர் அங்குலமும் எழாத விமானத்தைப் பற்றியது!

மெட்டுகுடாவில் மாணவர் நால்வர் குடியிருக்கும் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் நாங்கள் பதினொருவர் கூடுகின்றோம். அங்கே ஒரு கணினி உண்டு. ஒரு ஜாய்ஸ்டிக் உண்டு. சிமுலேட்டர் என்னும் பாவனைக் கருவியில் விமானம் ஓட்டிப் பழகுவது எங்கள் பொழுதுபோக்கு. ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்த பொதுப்பணம் இப்போது ஒரே ஒரு பொருளை வாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றது. எதை வாங்குவது? ஏர்பஸ் விமானத்தை அணுவணுவாக வடித்துக் காட்டும் மென்பொருளை வாங்குவோம் என்பர் ஒரு சாரார். காலால் மிதித்துச் சுக்கானைத் திருப்பும் ரட்டர் பெடலை வாங்குவோம் என்பர் மற்றொரு சாரார். நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன்.

வழக்கு பணத்தோடு நின்றிருந்தால் இதை எழுதத் துணிந்திரேன். அதனுள் வேறொன்று மறைந்திருக்கின்றது. புதிதாக வந்த இளநிலை மாணவர் ஒருவர் செஸ்னா என்னும் சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் செஸ்னாதானா?" என்று எவரோ கேட்டார். கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்த மாணவர் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பெரிய விமானம் ஓட்டுபவன் பெரியவன், சிறிய விமானம் ஓட்டுபவன் சிறியவன் என்ற ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது? பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் முழங்கும் நாம், திரையில் தெரியும் இறக்கையின் நீளத்தை அளந்து மனிதனை எடைபோடலாமா?

முதலில் விருப்பங்களின் வகையைக் காண்போம்.

ஒரு வகையினர் பயணிகள் விமானத்தை விரும்புவோர். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஆகியவற்றின் அறையில் அமர்ந்து, எரிபொருளைக் கணக்கிட்டு, பாதையைக் கணிப்பொறியில் பதித்து, சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாகப் படித்துப் புறப்படுவர். வானில் ஏறியதும் ஆட்டோபைலட் என்னும் தானோட்டி பொறுப்பேற்கும். 2001இல் தொடங்கிய வாட்சிம் வலையமைப்பில் உலகெங்குமுள்ள ஆர்வலர் கட்டுப்பாட்டு அலுவலராக அமர்ந்து கட்டளை தருவர். இவர்கள் பணிவுடன் திருப்பிச் சொல்வர். இதை எளிதென்று எண்ணற்க. ஆய்வுக்கூடத்தில் வேண்டிய அதே ஒழுங்கு இங்கும் வேண்டும்.

இன்னொரு வகையினர் போர் விமானப் பிரியர். 1963 முதல் நம் விமானப்படையில் பணியாற்றி 2025 செப்டம்பர் 26இல் விடைபெற்ற மிக் 21 விமானத்தின்மீது இவர்களுக்குத் தனிக் காதல். குட்டையான முக்கோண இறக்கை. அதனால் இறங்கும்போதும் கடும் விரைவு. அதை அடக்கித் தரை சேர்ப்பதில் இவர்களுக்கு இன்பம்.

மூன்றாம் வகையினர் சிறு விமானத்தையும் பழைய விமானத்தையும் நாடுவோர். தானோட்டி வேண்டா, சன்னல் வழியே ஆறும் மலையும் பார்த்து வழி கண்டறிவர். 1956 முதல் 44,000க்கு மேல் கட்டப்பட்டு, உலகிலேயே மிகுதியாக உருவாக்கப்பட்ட விமானம் என்று பெயர் பெற்ற செஸ்னா 172 இவர்களுடையது. டகோட்டா என்னும் டிசி 3 விமானமும் இவர்களுடையதே.

டகோட்டா நம் ஊருக்கு அயலானதன்று. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் நிலையம் திறக்கும் வரை ஹைதராபாதின் விமான நிலையம் மெட்டுகுடாவுக்கு மேற்கே உள்ள பேகம்பேட்டைதான். நிஜாம் அரசின் பங்குடன் 1945இல் தோன்றி, 1953இல் இந்தியன் ஏர்லைன்ஸில் இணைந்த டெக்கான் ஏர்வேஸின் டகோட்டாக்கள் அங்கிருந்துதான் பறந்தன. இந்தியாவில் வணிக விமானம் ஓட்டிய முதற்பெண் என்று போற்றப்படும் பிரேம் மாத்தூர் பணியில் சேர்ந்ததும் அந்த நிறுவனத்தில்தான். 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் சிமுலேட்டரின் நாற்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பில் டகோட்டாவைச் சேர்த்தபோது, பழைய பேகம்பேட்டையை நம் கையால் ஒருமுறை உயிர்ப்பித்துப் பார்க்கும் வாய்ப்பும் வந்தது.

ஆனால் 2024 ஜனவரியில் அதே பேகம்பேட்டையில் நடந்த விங்ஸ் இந்தியா கண்காட்சியில் கூட்டம் எங்கே மொய்த்தது? போயிங் 777 9 என்னும் பேருருவின் முன்னே. பெரியதைக் கண்டு வியப்பது மனித இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் வியப்பு வேறு, பயிற்சி வேறு. பழகத் தொடங்குபவனுக்கு எது ஆசான் என்பதே நம் கேள்வி. என் விடை சிறு விமானம் என்பதே. அதற்கு இயற்பியல் சான்று பகரும்.

வலப்புறம் திரும்ப விரும்பி விமானத்தைச் சாய்க்கின்றோம் என்று கொள்வோம். மேலெழும் இடது இறக்கைக்குத் தூக்குவிசை கூடுகின்றது. கூடவே காற்றின் தடையும் கூடுகின்றது. அதனால் மூக்கு நாம் விரும்பிய திசைக்கு மாறாக இடப்புறம் இழுபடும். வலக்காலால் சுக்கானை மிதித்தால்தான் திருப்பம் சீர்படும். இவ்வாறே ஓடுதளத்தில் முழு விசை கொடுத்தவுடன் செஸ்னாவின் சுழல்விசிறி மூக்கை இடப்பக்கம் தள்ளும். அங்கும் வலக்கால் வேண்டும். வாலில் சக்கரம் கொண்ட டகோட்டாவோ கால் சற்றே சோர்ந்தால் ஓடுதளத்தைவிட்டு விலக முனையும். ஏர்பஸ் பறக்கும்போது இவற்றையெல்லாம் கணிப்பொறியே கவனித்துக்கொள்கின்றது. வசதிதான். ஆனால் ஆசான் விடையையும் தானே எழுதிக்கொடுத்தால் மாணவன் கற்பது என்ன?

இன்னொன்று. விமானம் வேகம் குறைந்தால் விழும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைக் கடந்தால் எந்த வேகத்திலும் தூக்குவிசை குலையும். இதுவே ஸ்டால். செஸ்னா நேராகப் பறக்கையில் ஏறத்தாழ 48 நாட் வேகத்தில் ஸ்டாலை அடையும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினாலோ, இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், 68 நாட்டிலேயே அடைந்துவிடும். வகுப்பில் கரும்பலகையில் கண்ட வர்க்கமூலம் இங்கே கைக்குள் அதிர்வாக வந்து நிற்கும். அந்த அதிர்வை ஏ320 இயல்பு நிலையில் நம்மை அடையவிடாது. அதன் காப்புமுறை முன்னதாகவே குறுக்கிட்டுத் தடுத்துவிடும்.

காப்புமுறை இருக்கும்வரை நன்று. அது நீங்கும் நாளில்? 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலின் மேல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. தானோட்டி விலகிக்கொண்டது, ஸ்டால் காப்பும் நீங்கியது. விமானியின் கை கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னோக்கி இழுத்தது. மூக்கு உயர்ந்தது, ஸ்டால் நேர்ந்தது, எச்சரிக்கை ஒலி முழங்கியது. ஆயினும் நிகழ்வது ஸ்டால் என்று அறையிலிருந்தோர் உணரவில்லை. நாலரை நிமிடத்துக்குள் 228 உயிர்கள் கடலில் மறைந்தன.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் புத்தம்புது போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. காரணம், பவுண்டையும் கிலோகிராமையும் குழப்பிய கணக்கு. அலகை மறந்து விடையெழுதும் அறிவியல் மாணவர் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்! பொறிகள் இரண்டும் அடங்கிய அந்த விமானத்தைக் கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத்தளத்துக்குக் கொண்டுவந்தார் தலைமை விமானி ராபர்ட் பியர்சன். ஆனால் உயரம் மிகுந்துவிட்டது. சுற்றி வர விசையில்லை. அவர் கைப்பிடியை ஒரு பக்கமும் சுக்கானை எதிர்ப்பக்கமும் திருப்பி, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். பொறியில்லாக் கிளைடர் ஓட்டிப் பழகிய பொழுதுபோக்கு அவருக்குக் கொடுத்த வித்தை அது. விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். பெரிய விமானத்தைக் காத்தது சிறிய விமானத்தில் பழகிய கையும் காலும் அன்றோ?

எதிர்ச்சாரார் சொல்வனவற்றையும் தட்டிக்கழிக்கலாகாது. "இது பொழுதுபோக்கு. நாம் எவரும் விமானியாகப் போவதில்லை. விரும்பியதை ஓட்டினால் என்ன?" என்பர். உண்மை. வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் மெய்யாகவே பறக்க வேண்டும். அதற்காகும் செலவை நம்மில் பெரும்பாலோர் எண்ணவும் இயலாது. நம் அறையில் ஓட்டிய மணிகள் அக்கணக்கில் சேரா. ஆனால் செலவழிக்க இயலாதவனுக்கு அந்த அறிவையாவது தருவது இந்தப் பொழுதுபோக்கு ஒன்றுதான். அதை வெறும் பொத்தான் அழுத்தும் வேடிக்கையாகச் சுருக்கிக்கொள்வானேன்?

"ஜாய்ஸ்டிக்கை முறுக்கினாலே சுக்கான் அசையுமே, மிதி எதற்கு?" என்று கேட்பாரும் உளர். அசையும். ஆனால் ஒரே கை சாய்க்கவும் வேண்டும், முறுக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று கலங்கிவிடும். மெய்யான விமானத்தில் கைக்குக் கை வேலை, காலுக்குக் கால் வேலை. குறுக்குக் காற்றில் இறங்கும்போது ஏர்பஸ் விமானியும் கடைசி நொடியில் மூக்கை ஓடுதளத்துக்கு நேராக்கக் காலைத்தான் நம்புகின்றார். எனவே மிதி வாங்கினால் இரு சாராரும் பயனடைவர். போர் விமான அன்பரும் பயனடைவர். ஏர்பஸ் மென்பொருள் வாங்கினால் பயனடைவோர் ஒரு சாராரே.

அதுமட்டுமா? ஃபிளைபைவயர் என்ற தன்னார்வக் குழுவினர் ஏ320நியோ விமானத்தை நுணுக்கமாக வடித்து இலவசமாகவே வழங்கியிருக்கின்றனர். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும், மிதி கிடைக்குமா? இன்னும் சொல்லப்போனால், எளிய கணினி மட்டுமே உடையோர்க்கு ஃபிளைட்கியர் என்னும் சிமுலேட்டர் முழுவதும் இலவசம். அதிலும் செஸ்னா 172 உண்டு. வறிய மாணவனையும் அணைத்துக்கொள்ளும் விமானம் அது. அதை ஓட்டுபவனையா நாம் ஏளனம் செய்வது?

இனி, பிற ஊரில் வாழும் தமிழர்க்கென்றே ஒரு செய்தி. என் தந்தையார் இரயில்வேப் பணிக்காகத் திருச்சிராப்பள்ளியை விட்டு இங்கு வந்தவர். ஹைதராபாதிலிருந்து எங்கள் ஊருக்கு வான்வழியே ஏறத்தாழ 720 கிலோமீட்டர். ஜெட் விமானத்தில் மேகத்துக்கு மேலே ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் போய்விடலாம். இடையில் காண ஒன்றுமில்லை. செஸ்னாவில் மூன்றேகால் மணி ஆகும். ஆனால் கிருஷ்ணையைக் கடப்போம், பெண்ணையாற்றைக் கடப்போம், வறண்ட மணலாகப் பாலாறு வரும், தென்பெண்ணை வரும், கல்வராயன் மலை இடப்பக்கம் எழும், 4,000 அடியைத் தாண்டி நிற்கும் கொல்லிமலை வலப்பக்கம் எழும். அதன்பின் கொள்ளிடமும் காவிரியும் இரு கோடுகளாக மின்னும். திரையில்தான் என்றாலும், நம் நாடு ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகளாலும் மலைகளாலும் தொடுக்கப்பட்டிருப்பதை நான் கற்றது அந்தப் பயணத்தில்தான். மெதுவாகப் போவோர்க்கே இது வாய்க்கும்.

ஆதலின் நண்பர்களே, விருப்பத்தைக் கைவிடுமாறு எவரையும் கேட்கவில்லை. ஏர்பஸ் விரும்புவோர் ஏர்பஸ் ஓட்டட்டும்; மிக் விரும்புவோர் மிக் ஓட்டட்டும். விருப்பம் அவரவர் உரிமை. ஆனால் அடிப்படை எல்லார்க்கும் பொது. பொதுப்பணம் பொதுவானதற்கே போகவேண்டும். தரையில் மோதிவிட்டு மென்பொருள் சரியில்லை என்பது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

வரும் ஞாயிறு இது முடிவாகின்றது. நான் கேட்பவை இரண்டு. ஒன்று, சுக்கான் மிதியை வாங்குவோம். மற்றொன்று, வராமல் போன அந்த இளநிலை நண்பரின் விடுதிக்கு நம்மில் இருவர் நேரில் சென்று அவரை அழைத்து வருவோம். புதிய மிதியில் முதலில் கால் வைப்பவர் அவராக இருக்கட்டும். விமானம் செஸ்னாவாகவே இருக்கட்டும்.