தாத்தா காருக்கும் பிரேக் பிடிக்க வேண்டும்!

பழைய கார் என்றால் நெல்லைச் சீமைக்குத் தனிப் பாசம். மதுரையில் பஸ் விட்டு நாடறியப் பேர் வாங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் பிறந்தது நம்ம திருக்குறுங்குடியில்தான். இன்றைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு பழைய கார் வந்து நின்றால் வண்ணார்பேட்டையில் கூட்டம் கூடிவிடும்.

பாசம் இருக்கட்டும். அந்தக் காரில் பிரேக் பிடிக்குமா? அதுதான் கேள்வி!

50 வயதுக்குச் சலுகை

2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பதிவாகி 50 வருஷம் தாண்டிய கார், மோட்டார் சைக்கிள்களுக்கு "பாரம்பரிய வாகனம்" என்று தனிப் பதிவு. என்ஜின், சேசிஸ், பாடி எதையும் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது. பதிவுக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 வருஷத்துக்குச் செல்லும்.

தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போட - இவ்வளவுதான். வாடகைக்கு ஓட்டவே கூடாது.

சரி, மற்றவர்கள் கதை என்ன?

குமாஸ்தா ஒருவர் அப்பா காலத்து அம்பாசிடரை வைத்திருக்கிறார். 1980-ல் பதிவான வண்டி. 2030 வரை அதற்குப் பாரம்பரியப் பட்டம் கிடையாது. 5 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10 ஆயிரம் என்று 2025 ஆகஸ்டில் உத்தரவு வந்தது.

அதாவது, 46 வயதுக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு சோதனை. 51 வயதுக் காருக்கு 10 வருஷத்துக்கு ஒன்று! வயசு ஏற ஏற சோதனை குறைகிறதே, இது என்ன நியாயம்?

"எப்பவாவதுதானே வெளியே எடுக்கிறோம்" என்பார்கள். அங்கேதான் ஆபத்தே! ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டியில்தான் பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும், டயர் காய்ந்துபோகும். பாபநாசம் மலை இறக்கத்தில் காரின் வயசுக்கு மரியாதை கொடுத்து எதிரே வரும் பஸ் ஒதுங்கிப் போகுமா?

இங்கிலாந்தில் 40 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் கெட்டுப்போன வண்டியை ரோட்டில் ஓட்டினால் அங்கேயும் குற்றம்தான். விலக்கு சோதனைக்குத்தான், பொறுப்புக்கு இல்லை.

என்ன செய்யலாம்?

பழைய காரை உடைக்கச் சொல்லவில்லை. அது நம்ம சொத்து. புகை அளவிலும் கட்டணத்திலும் சலுகை கொடுங்கள். பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு இந்த நாலிலும் சலுகை வேண்டாம். ஊர்வலத்துக்கு முன்பு ஒரு தடவை ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். அரை மணி நேர வேலை.

குமாஸ்தாவின் அம்பாசிடரையும் அதே மாதிரி ஓட்டிப் பார்க்கட்டும். காகிதத்தில் விழும் சீல் பிரேக் பிடிக்காது!

ரோட்டில் நடக்கிற ஜனங்களுக்குக் கார் புதுசா பழசா என்பது முக்கியம் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்க வேண்டும். அதிகாரிகள் கவனிப்பார்களா?