எரித்த பின் கேட்கும் மன்னிப்பு

தொற்றுநோய்க் காலத்தில் மார்க்கப் பற்றுள்ள மக்களிடம் பேசிப் பயனில்லை, ஆணையிட்டால்தான் அடங்குவார்கள் என்றொரு கருத்து படித்தவர்களிடையே வேரூன்றிவிட்டது. அதற்கு விலையாகப் போனவை நம் ஜனாஸாக்கள்.

இலங்கையில் 2020 மார்ச் இறுதியில், கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24 அன்றே வழிகாட்டியிருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். சான்று கேட்டால் பதில் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களே ஆன சிசு பெற்றோரின் இசைவின்றி எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுச் சென்றார்கள். கஃபன் கிடைக்காத அந்தப் பிஞ்சுக்காக அவர்களால் இயன்றது அவ்வளவுதான். எரிப்பதற்கு உடன்படாமல் உடல்களைப் பொறுப்பேற்க மறுத்த குடும்பங்களும் இருந்தன; அவற்றை 'உரிமை கோரப்படாதவை' என்று பெயரிட்டு எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில்.

இது வெறும் பகை, சுகாதாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சிலர் சொல்லக்கூடும். பகைதான். ஆனால் இறந்தால் எரித்துவிடுவார்கள் என்று அஞ்சும் வீடு, காய்ச்சல் கண்டதும் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுமா?

இந்தக் கேள்விக்கான விடை மேற்கு ஆப்பிரிக்காவில் முன்னரே கிடைத்திருந்தது. எபோலாவில் அபாயம் மெய்யானது. இறந்தவரின் உடலே கடுமையாகத் தொற்றவல்லது, குளிப்பாட்டுபவரையும் அது கொல்லும். புதிய தொற்றுகளில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு ஈமச்சடங்குகளின்போது நேர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. 2014 ஆகஸ்டில் லைபீரிய அரசு தலைநகர் மன்ரோவியாவில் உடல்களை எரிக்க ஆணையிட்டது. மக்கள் நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்தார்கள், மையித்துகளை இரவோடிரவாகப் புதைத்தார்கள். ஆணை நோயை ஒளித்து வைத்ததே தவிர ஒழிக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளுடன் கலந்து புதிய நெறிமுறையை வெளியிட்டது. குளிப்பாட்டுவதற்குப் பதில் தயம்மும். அதையும் பாதுகாப்பு உடையணிந்தவரே செய்வார். வெள்ளைத் துணியோ வெள்ளை உறையோ கஃபனாகும். அடக்கம் எப்படி நடக்க வேண்டும் என்பதில் குடும்பத்துக்கும் மார்க்க அறிஞருக்கும் பங்குண்டு. ஷரீஅத்தில் இந்த விரிவு எப்போதும் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், சர்ஃக் என்ற இடத்தில் நின்று முதலில் முஹாஜிர்களையும், பின் அன்சாரிகளையும், அதன்பின் குறைஷி முதியோரையும் தனித்தனியே அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். கலீஃபா ஆணையிட்டிருக்கலாமே! கேட்டறிந்த பின்னரே திரும்பினார்கள்.

அரசுகளைக் குறை கூறும் நாமும் இதில் தேறவில்லை. தடுப்பூசி முகாம் அறிவிப்பு வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு முறை வாசித்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறோம். மறுபுறம், எல்லாம் சதி என்னும் குரல்பதிவை ஆராயாமல் அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். மருத்துவரையும் ஆலிமையும் ஒரே அமர்வில் இருத்தி மக்கள் கேள்வி கேட்கும் கூட்டத்தை எத்தனை ஜமாஅத்துகள் நடத்தியிருக்கின்றன?

நோயற்ற நாளில்தான் இப்பேச்சு நடக்க வேண்டும். தொற்றால் ஒருவர் இறந்தால் சுகாதாரத் துறையினரிடம் ஜமாஅத் சார்பில் பேசுபவர் யார், தயம்மும் செய்யப் பயிற்சி பெற்றவர் யார், மையவாடியில் இடம் எது, குடும்பத்தார் எவ்வளவு தொலைவில் நின்று தொழுவார்கள்? வரும் ஜும்ஆ முடிந்ததும் உங்கள் மஹல்லா நிர்வாகிகளிடம் இவற்றைக் கேளுங்கள்.